ஐரோப்பியர் தீட்டிய ஈழத்து நிலக்காட்சிகள்

ஒல்லாந்தப் பாதிரியாரான பிலிப்பு பால்டேயஸ் எழுதி, 1672 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிலே அச்சேறிய பெருநூல், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கைத்தீவு ஆகிய மூன்றினையும் விரித்துரைப்பது. அதன்கண் வலிகாமத்துக்குரிய பதினான்கு கோயிற்பற்றுக்கள் பெயர் சுட்டப்படுகின்றன. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் என்பன அவை. ஒல்லாந்தர் நாவுக்கு இசையுமாறு அப்பெயர்கள் சிதைந்து கிடப்பினும், ஊரறிந்தார்க்கு அவற்றை இன்னவெனத் தெளிதல் அரிதன்று. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான 1658 ஆம் ஆண்டு தொடக்கம் 1665 ஆம் ஆண்டு வரை இப்பகுதியிலே சமயப்பணி புரிந்தவர் பால்டேயஸ். ஆதலின் அவர் கேட்டெழுதியவரல்லர்; கண்டெழுதியவர்.

இக்கோயிற்பற்றுக்கள் பலவற்றின் தேவாலயங்கள் அந்நூலிற் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக இடம்பெற்றுள்ளன. நடுவே தேவாலயம் பெரிதாய் நிற்கும். அருகே பாதிரியார் தங்குமனை. சூழ மரங்கள். முற்றத்திலே சிறுவடிவினராய் மாந்தர் சிலர். ஒரு சித்திரத்தைக் கண்டவர் மற்றொன்றையும் கண்டவரே எனும்படி அவை ஒன்றையொன்று ஒத்தன. அவ்வூரார் உழுத வயல் எங்கே, அவர் குடிகொண்ட மனை எங்கே, வேலியும் ஒழுங்கையும் கிணறும் துலாவும் எங்கே என்று வினவுவார்க்கு அச்சித்திரங்கள் விடை தருவனவல்ல. ஊர் என்பது தேவாலயத்தின் சுற்றுப்புறம் என்பதே அவை கூறும் பொருள்.

ஈண்டு நடுநிலையோடு ஒன்று கூறுதல் வேண்டும். அச்சித்திரங்களிலே சைவாலயங்கள் காணப்படாமைக்குச் சித்திரக்காரரை நோவது முறையாகாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621 ஆம் ஆண்டில் இடிப்பித்தவன் போர்த்துக்கேயத் தளபதியாகிய பிலிப் தெ ஒலிவேரா. ஏனைய ஆலயங்களும் அக்காலத்தை அடுத்தே அழிந்தன. ஆகவே பால்டேயஸ் வந்தபொழுது வரைதற்குரிய கோபுரம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இல்லாததை வரையாமை குற்றமன்று. ஆயின், இல்லாமற் போனதை என்றுமே இல்லாதது போலக் காட்டுந்திறன் சித்திரத்துக்கு உண்டு. எழுத்து, "முன்பு இங்கே ஓர் ஆலயம் இருந்தது" என்று சொல்ல வல்லது. சித்திரத்துக்கோ இறந்தகாலம் இல்லை. பனையும் தென்னையும் முளைத்தது போலவே அத்தேவாலயமும் அம்மண்ணினின்றே முளைத்தது எனும்படி அமைதியாய் நிற்கும் அக்காட்சி, நாற்பது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த பேரழிவை நில இயல்பாக மாற்றி விடுகின்றது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. அதன் இறுதிப்பகுதி கீழைத்தேயத்தார் விக்கிரக வழிபாட்டைப் பற்றியது. அங்கே திருமாலின் அவதாரங்கள் பெருஞ்சித்திரங்களாக வந்துள்ளன. இவ்வாறாக, நிலத்தைப் பற்றிய பகுதியிலே தேவாலயம் மட்டும் நிற்க, தெய்வங்களெல்லாம் நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டு நூலின் பின்பகுதியிற் குடியேற்றப்பட்டன. ஐரோப்பிய வாசகர் அவற்றை வியப்போடு நோக்கலாம். ஆயின் அவை எந்த ஊருக்கும் உரியனவல்ல.

அத்தேவாலயம் ஒவ்வொன்றோடும் ஒரு பாடசாலை இயைந்திருந்தது. பாடசாலையோடு பெயரேடு இயைந்திருந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் அவ்வேட்டிற் பதியப்பட்டன. மாணாக்கர் தொகையைப் பால்டேயஸ் கோயிற்பற்றுவாரியாகக் குறித்துச் செல்கின்றார். எனவே அச்சித்திரங்களை வெறும் அழகுப்பொருளாக மதித்தல் ஆகாது; அவை கணக்கேட்டின் முகப்புக்களாகும். பிற்காலத்தே இடிந்துகிடந்த அக்கட்டடங்கள் சிலவற்றையே 1816 ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க மிஷனரிமார் செப்பனிட்டுத் தம் நிலையங்களாக்கிக் கொண்டனர். உடுவிலில் 1820 ஆம் ஆண்டில் நிலையமும், 1824 ஆம் ஆண்டில் மகளிர் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. ஆட்சி மூன்று முறை மாறியும் நோக்கப்படும் இடம் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேயர் காலத்திலே சித்திரம் பாதிரியார் கையினின்றும் படைவீரர் கைக்குச் சென்றது. ஒளிப்படம் தோன்றுதற்கு முன் நிலத்தின் மேடுபள்ளத்தையும், ஆற்றுத்துறையையும், கோட்டைமதிலையும் விரைந்து வரையத் தெரிந்த அதிகாரி ஒருவர் ஒரு படைப்பிரிவுக்கு இன்றியமையாதவர். அதுபற்றியே வூல்விச் இராணுவக் கல்விக்கூடத்திற் சித்திரம் ஒரு பாடமாயிற்று. ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் போல் சாண்ட்பி 1768 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ முப்பது ஆண்டு அங்கே தலைமைச் சித்திர ஆசிரியராய் விளங்கினார். கிழக்கிந்தியக் கம்பனி தன் வீரருக்காக 1809 ஆம் ஆண்டில் அடிஸ்கோம்பில் நிறுவிய கல்விக்கூடத்திலும் அப்பாடம் இருந்தது. சுவடிகளையும் சாசனங்களையும் திரட்டித் தமிழ்நாட்டு வரலாற்றுக்குப் பேருதவி புரிந்த கொலின் மக்கென்சியும் தொழிலால் படைசார்ந்த நில அளவையாளரே. இலங்கைக் கரைகளை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய 1795, 1796 ஆம் ஆண்டுப் போரிலும் அவர் பங்குகொண்டார். அளவுகோலும் தூரிகையும் ஒரே பெட்டியில் வந்தன எனலாம்.

தமிழ்நாட்டுக் காட்சிகளை முதன்முதல் விரிவாக வரைந்த தோமஸ் டானியல், அவர் மருகர் வில்லியம் டானியல் ஆகிய இருவரும் படைவீரரல்லர், கூலிக்கு எழுதுவித்துக்கொள்ளப்பட்டவருமல்லர். தம் சித்திரங்களை விற்றுப் பிழைத்த கலைஞர் அவர். ஆயினும் அவர் சென்ற வழியை நோக்குக. 1792 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் பகுதியைத் திப்பு சுல்தான் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தான். அவ்வாண்டிலேயே இவ்விருவரும் அப்பகுதி மலைக்கோட்டைகளை வரையப் புறப்பட்டனர். அவர் தீட்டிய இராயக்கோட்டைச் சித்திரத்திலே செங்குத்தான பாறையும் அதன் உச்சிக் கோட்டையும் வியக்கத்தக்க எழில் வாய்ந்தன. அதனை விலைகொடுத்து வாங்கிய இலண்டன் கனவான் கண்டது எழிலை மட்டுமன்று. நேற்றுவரை எட்டாதிருந்த கோட்டை இன்று தம் நாட்டார் கையில் இருத்தலையுங் கண்டு மகிழ்ந்தார்.

டானியல் குடும்பத்தின் இளையவரான சாமுவேல் டானியல் இலங்கைக்கு வந்து, காடுகளைக் கண்காணிக்கும் உத்தியோகமும் பெற்று, 1811 ஆம் ஆண்டில் இத்தீவிலேயே இறந்தார். அவருடைய பன்னிரண்டு சித்திரங்கள் 1808 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தைக் காட்டுவது. அதன் தலைப்பே ஒஸ்ரன்பேர்க் கோட்டையினின்று வரையப்பட்டது என்று கூறுகின்றது. நோக்குபவர் எங்கே நிற்கின்றார் என்னும் வினாவுக்குச் சித்திரக்காரரே விடை தந்துவிட்டார். அவர் நின்றது பீரங்கி நின்ற இடம். மேலிருந்து கீழ்நோக்குங்கால் நீர்ப்பரப்பும் மரம் அடர்ந்த முனைகளும் ஒரே பார்வையில் அடங்கும். அவ்வாறு அடங்குதல் ஓவியனுக்கு இன்பம்; காவற்காரனுக்குத் தேவை. இரண்டும் ஓரிடத்தே சந்திக்கின்றன. கீழே தோணியில் வலைவீசும் மீனவன் அத்துறைமுகத்தை எவ்வாறு காண்பான் என்பதை அச்சித்திரத்தால் அறிய இயலாது. அவனுக்கு அது ஒரே பார்வையில் அடங்குவதன்று. ஒவ்வொரு முனையாக, ஒவ்வொரு காற்றாக, ஒவ்வொரு நீரோட்டமாக அறியப்படுவது.

அக்காலத்து ஆங்கிலேயரிடையே வழங்கிய ஒரு சுவைக்கொள்கையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 'பிக்சரெஸ்க்' என அவர் அதனை அழைத்தனர். 'சித்திரவனப்பு' என அதனைத் தமிழிற் கூறலாம். வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் 1792 ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று கட்டுரைகள் அதற்கு இலக்கணம் வகுத்தன. கரடுமுரடான பாறை, முறுகிய மரம், இடிந்த மதில், தொலைவில் நீலமலை ஆகியன அதற்கு உறுப்புக்கள். முன்னிலம் இருண்டும், நடுநிலம் ஒளிபெற்றும், தொலைநிலம் மங்கியும் இருத்தல் மரபு. இருபுறமும் மரங்கள் நாடக மேடையின் திரைகள் போல நிற்றல் வேண்டும். இச்சுவையிற் பயின்றோர் இருண்ட குவியாடி ஒன்றையும் உடன் கொண்டு செல்வர். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளோட் பெயரால் அது வழங்கிற்று. அழகிய இடத்தை அடைந்ததும் அதற்கு முதுகுகாட்டி நின்று, ஆடியிலே தெரியும் சிறிய நிழலை நோக்கி மகிழ்தல் வழக்கம். நிலத்துக்கு முதுகுகாட்டி நிலத்தைச் சுவைத்தல் என்பதினும் அக்கொள்கையைத் தெளிவாக விளக்கும் உவமை வேறு வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு இவ்விலக்கணத்துக்கு அமையாது. குன்றில்லை, ஆறில்லை, அருவியில்லை. கீரிமலையும் பெயரளவில் மலையே. சுண்ணக்கற்றரை, செம்மண், நிரைநிரையாகப் பனை, கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் மற்றொரு வேலி. இவற்றை மேலிருந்து நோக்க மேடான இடமும் கிடையாது. எனவே ஆங்கிலச் சித்திரக்காரர் இங்கே நில்லாது கண்டிச் சீமையையும், காலியையும், திருகோணமலையையும் நாடிச் சென்றனர். இது குடாநாட்டுக்கு நட்டமா இலாபமா என்பது விவாதத்துக்குரியது.

கண்டிச் சீமைக்கு அதனால் நேர்ந்ததை நோக்குவோம். 1815 ஆம் ஆண்டு பெப்ரவரியில் கண்டியரசன் சிறைப்பட்டான். மார்ச்சு 2 ஆம் நாள் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 1817 ஆம் ஆண்டில் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டு, அடுத்த ஆண்டு கொடிதாய் அடக்கப்பட்டது. வயல்கள் பாழாயின, கால்நடைகள் அழிக்கப்பட்டன, நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். 73 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் வில்லியம் லிற்றில்ரன் வரைந்த ஆறு இலங்கைக் காட்சிகள் 1819 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தன. கண்டி நகரும் மலைப்பாதையும் அவற்றிலே இடம்பெற்றன. மலைமேல் மஞ்சு தவழ்கின்றது, பள்ளத்தாக்கு உறங்குகின்றது. ஊவா எரிந்த மறுவருடத்திலே இத்தகைய அமைதி காகிதத்தில் எழுந்தது. லிற்றில்ரன் பொய் வரைந்தார் என்று கூறல் வேண்டா. அவர் கண்ட மலை அவ்வாறே அழகியதாய் இருந்திருக்கும். ஆயின் 'இந்நாடு இப்பொழுது காண்டற்கினியது. அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை' என்பதை அரசாங்க அறிக்கையிலும் நன்றாக அவ்வாறு தாள்கள் கூறின.

அமைதியான நிலத்தை அடுத்து வருவது வெறுமையான நிலம். சித்திரவனப்புக் கொள்கையில் வனம் உயர்ந்த பொருள். மனிதன் இல்லாத வனம் மேலும் உயர்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் படிப்பார்க்கு இவ்விரசனை ஒரு புதிய பொருளிலே விளங்கும். காடும், தரிசும், குடியிருப்பற்றதும், பயிரிடப்படாததும் ஆகிய நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். சேனைப் பயிர் செய்வோர் ஓராண்டு வெட்டிச் சுட்டு விதைத்துப் பல ஆண்டு தரிசாக விடுவர். அத்தரிசாண்டிலே அந்நிலத்தைக் காண்பவருக்கு அது ஆளற்ற காடே. சட்டம் எழுதியவரும் சித்திரம் எழுதியவரும் ஒரே காட்டை ஒரே கண்ணாற் கண்டனர். ஒருவர் அதனை 'வனப்பு' என்றார். மற்றவர் 'வெற்றுநிலம்' என்றார். அவ்வெற்றுநிலம் கோப்பித் தோட்டங்களாக விலைபோயிற்று.

அயர்லாந்து ஓவியரான அன்ட்ரூ நிக்கல் இவ்விடத்தே நினைக்கத்தக்கவர். 1846 ஆம் ஆண்டில் கொழும்பு அக்கடமியிற் சித்திர ஆசிரியராக வந்தவர் அவர். குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் அவருக்கு ஆதரவாளர். 1848 ஆம் ஆண்டிலே ஐந்து வாரம் இலங்கைக் காடுகளினூடே சித்திரப்பயணம் செய்து, அவ்வனுபவத்தை 1852 ஆம் ஆண்டில் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் எழுதினார். அப்பயணமும் மாத்தளைக் கலகமும் ஒரே காலத்தன. துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி, தெருவேலைக்குக் கட்டாய உழைப்பு என்றவற்றால் வெகுண்ட மக்கள் அவ்வாண்டு ஜூலையில் எழுந்தனர். தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினர். இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்டு 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். நிக்கலின் தூரிகைக்கோ பாழடைந்த தாதுகோபமும், கொடி படர்ந்த தூணும், நிலா தோய்ந்த குளமும் பொருளாயின. அவருடைய கைவண்ணம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. டெனன்ட் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை நூலை அவர் சித்திரங்கள் அணிசெய்கின்றன.

அக்காலத்திலேயே மன்னாரில் இறங்கிய தமிழ்நாட்டுக் கூலியாட்கள் வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றுகொண்டிருந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். கோப்பித் தோட்டத்தை உண்டாக்கியவர் அவர். வனத்தின் பெருமையைப் பேசும் சித்திரங்களிலே அவர்க்கு இடமில்லை. கூட்டமாய் நடந்து செல்லும் மெலிந்த மாந்தர் சித்திரவனப்புக்கு ஒவ்வார். தனியனாய்ப் பாறைமேற் சாய்ந்திருக்கும் சுதேசி ஒருவனே பாறையின் உயரத்தைக் காட்ட ஓர் அளவுகோலாகப் பயன்படுவான்.

இவ்வாறு கூறுங்கால் ஒரு தடை எழுதல் இயல்பு. ஓவியன் மந்திரியல்லன், அழகைக் கண்டு வரைந்தவன் மேல் அரசியற் பழி சுமத்தல் தகுமா என்பர். தக்க தடையே. ஒஸ்திரியப் பிரபுவாகிய இறான்சொனே நீர்மூழ்கு கூண்டொன்றில் இறங்கி இலங்கைக் கடலடியை வரைந்து 1867 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மீனையும் பவளத்தையும் வரைந்தவரிடம் ஏகாதிபத்தியத்தைத் தேடுவது வீண். பால்டேயஸ் நூற்சித்திரங்கள் இல்லையேல் அக்காலக் கட்டடங்களின் வடிவை அறிதற்கு வழியும் குறைவே. ஆகவே ஆராய வேண்டியது ஓவியனின் உள்ளத்தையன்று, சித்திரத்தின் அமைப்பையாம். எங்கே நின்று நோக்கப்பட்டது, எது நடுவிடம் பெற்றது, யார் சிறுத்தனர், யார் விடுபட்டனர் என்னும் வினாக்களுக்கு விடை தாளிலேயே உள்ளது. அதனை அறிய ஓவியனின் நாட்குறிப்பைத் தேடவேண்டுவதில்லை.

தமிழ் மரபு நிலத்தை வேறு வகையிற் கண்டது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாக வகுத்தார். மக்கள் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். உரிப்பொருள் இல்லாத நிலம் பாடப்படுவதற்குத் தகுதியற்றது. ஐரோப்பிய நிலக்காட்சி முதலைக் கொண்டு, கருவிற் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, உரியை நீக்கிற்று எனச் சுருங்கக் கூறலாம்.

ஆயினும் இவ்வொப்பீட்டாற் பெருமிதம் கொள்ளுதற்கு முன் ஈழத்துப் பள்ளுப் பிரபந்தங்களையும் புரட்டிப் பார்த்தல் நேர்மை. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளிலே நிலம் உண்டு, நீர் உண்டு, விதைவகை உண்டு, உழுபவனும் உண்டு. ஆங்கிலச் சித்திரம் மறைத்த உழைப்பாளி இங்கே மேடையின் நடுவே நிற்கின்றான். ஆயின் பள்ளு மரபிலே பள்ளன் தொழுவில் மாட்டப்படுதல் நகைச்சுவைக்குரிய நிகழ்ச்சி. பண்ணைக்காரனின் அதிகாரம் மழைபோல இயற்கையானது. யாழ்ப்பாணத்திலே அக்காலத்துப் பள்ளரும் நளவரும் அடிமைகளாக இருந்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 ஆம் ஆண்டிலேயே. தேவாலயம் மண்ணினின்று முளைத்தது போலக் காட்டிய பால்டேயஸ் நூலையும், அடிமைத்தனம் மண்ணினின்று முளைத்தது போலக் காட்டிய பள்ளையும் ஒரே தராசில் நிறுக்க அஞ்சுபவர் இவ்வாராய்ச்சியைத் தொடங்காதிருத்தலே நன்று.

இனி, இச்சித்திரங்கள் இலண்டன் நூலகங்களோடு நின்றுவிட்ட பழம்பொருள்கள் என எண்ணுதற்கில்லை. ஆங்கிலப் பாடசாலைகளின் வாயிலாக அவற்றின் இலக்கணம் இலங்கைப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. மாதிரிப்படத்தைப் பார்த்து அவ்வாறே வரைதல் சித்திரப்பாடமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தலைமைச் சித்திர வித்தியாதரிசியாயிருந்த வின்சர் அம்முறையை மாற்ற முயன்றார். அவர் பெயராலேயே 1938 ஆம் ஆண்டில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றை நிறுவினார். அக்கழகத்தார் வெளியிலே சென்று கண்டதை வரைந்தனர். பனையும் வேலியும் அவர் கையில் ஓவியப்பொருளாயின. ஆயினும் அது சிலரது முயற்சி. வகுப்பறையின் நிலை வேறு.

இன்றும் குடாநாட்டு ஆரம்ப வகுப்பொன்றிலே 'ஓர் இயற்கைக் காட்சி வரைக' என்று சொல்லப்படின், பிள்ளைகள் பெரும்பாலோர் தயங்காது முதலில் வரைவன இரண்டு மலைகள். அவற்றிடையே கதிரவன் எழுவான். மலையடியினின்று ஓர் ஆறு வளைந்து வரும். கரையிலே ஓட்டுக்கூரை வீடு. அதற்குப் புகைபோக்கியும் இருத்தல் உண்டு. இருபுறமும் மரங்கள் திரைபோல நிற்கும். உடுவிற் பிள்ளை அறிந்த நீர், மூடுசுவர் கட்டிய கிணற்று நீர். அறிந்த எல்லை, கதியால் நட்ட வேலி. அறிந்த உயரம், பனையின் உயரம். அவ்வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே தெரிவன இவையே. பிள்ளை சாளரத்தை நோக்குவதில்லை. 'காட்சி' என்னும் சொல் கேட்டவுடன் கை தானாகவே மலையை வரைகின்றது. வீட்டு வாயிலில் ஆள் வரைய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், இது இயற்கைக் காட்சி என்று விடை வரும்.